காடு யாருடைய சொத்து?

சிவனுக்கு வில்வம், திருமாலுக்குத் துளசி, அம்மனுக்கு வேம்பு என்று மரத்தையும் செடியையும் தெய்வத்தோடு சேர்த்தே நம் முன்னோர் வணங்கினர். ஆலய வீதியிலுள்ள தலவிருட்சத்தில் கோடரி வைக்க எவரும் துணியார். ஆனால் மதிலுக்கு அப்பால், மலைமேல் நிற்கும் மரம் யாருடையது?

ஊவா மலைகளில் இக்கேள்விக்கு ஆங்கில அரசு 1840ஆம் ஆண்டில் ஒரு விடை கூறியது. உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை எனச் சட்டம் இயற்றியது. பின்னர் ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் துரைமாருக்கு விற்றது. காடு அழிந்த இடத்தில் கோப்பியும், பிறகு தேயிலையும் எழுந்தன. அம்மண்ணில் நம் பாட்டன் பூட்டன்மார் வியர்வை சிந்தினர். ஒரு பேர்ச் நிலமும் அவர்களுக்கு உரித்தாகவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது.

எஞ்சிய காடுகளின் கதையும் இதுவே. பிரகடனப்படுத்தப்படாத காடுகளை 2001ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டு, பிரதேச செயலாளர்களிடம் பொறுப்பு மாற்றப்பட்டது. பயிரிட ஏழைக்கு நிலம் வேண்டும் என்றனர் ஒரு சாரார். காடு போனால் ஊற்று வற்றும் என்றனர் மறு சாரார். இரண்டும் மெய்யே. அப்படியாயின் தர்மம் எப்பக்கம்?

ஆலயத்தைப் பார்த்தால் விடை தெரியும். ஆலயச் சொத்துக்கு உரிமையாளர் தெய்வம். தர்மகர்த்தா காவலர் மட்டுமே. அம்பாளின் நகையை விற்று அன்னதானம் செய்பவர் நல்ல தர்மகர்த்தா அல்லர். பசித்து வந்த அடியாரை வெளியே நிறுத்தி மடைப்பள்ளியைப் பூட்டுபவரும் அல்லர். முதலைக் காத்து, விளைவைப் பகிர்வதே அவர் கடமை. காட்டுக்கும் இதுவே நீதி. ஊற்றுக்கண்ணைக் காக்கும் சோலை, அம்பாளின் நகை. உதிர்ந்த சுள்ளி, அடியாரின் பிரசாதம். சுள்ளி பொறுக்கும் தாயைக் கள்ளி என்பதும், பச்சை மரத்தை லொறியில் ஏற்றுவோரைக் காணாதிருப்பதும் ஒருபோதும் நீதியாகா.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அபாயம் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால் மக்கள் அவ்விடத்திலேயே வாழ்ந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மலைகள் சரிந்தன. எந்தச் சரிவைக் காடாக விடுவது, எந்தத் தரையில் மனிதரைக் குடியேற்றுவது என்பவை இரு வேறு கேள்விகள் அல்ல. பாதுகாப்பான நிலம் தராமல் காட்டைக் காக்கச் சொல்வது அரை தர்மம்.

எஞ்சிய பாதி நம்முடையது. கச்சான் காற்று வீசும் வறட்சியில் மானாப்புல்லுக்குத் தீ வைக்காதிருப்போம். பீலித் தண்ணீர் ஊறும் இடத்தில் நாட்டு மரங்களை நடுவோம். சரிவில் வெடிப்பு கண்டால் உடனே கிராம அலுவலருக்கு அறிவிப்போம். பேரப்பிள்ளைகளிடம் குறைவின்றி ஒப்படைக்க வேண்டிய சொத்து இது. அதற்கு அம்பாள் துணை நிற்பாளாக!