உன் வட்டாரத்துக்கு நீதான் வண்ணக்கர்

கோயில் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் இருந்திருக்கிறாயா தம்பி? கொக்கட்டிச்சோலை ஆகட்டும், மாமாங்கம் ஆகட்டும், உன் ஊர்ப் பிள்ளையார் கோயில் ஆகட்டும். திருவிழாக் கற்பூரத்தில் ஒரு பெட்டி கணக்கில் குறைந்தால் போதும். பின்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் எழும்புவார். சால்வையை உதறித் தோளில் போடுவார். கோயில் நிருவாகியைப் பார்த்து, "வண்ணக்கர், அந்தக் காசு எங்க போச்சு?" என்பார். பதில் வரும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

அதே பெரியவரின் ஒழுங்கையில் போட்ட கொங்கிரீட் ஆறு மாதத்தில் வெடித்துக் கிடக்கிறது. மார்கழி மழைக்கு வடிகான் நிரம்பித் தண்ணீர் குசினிக்குள் வருகிறது. பிரதேச சபையிடம் ஏதாவது கேட்டீர்களா அப்பு என்றால், "அவங்க பெரிய ஆக்கள் மகன், நமக்கேன் வம்பு" என்கிறார்.

கற்பூரத்துக்குச் சிங்கம், கொங்கிரீட்டுக்குப் பூனையா? இந்த வித்தையை யார் நமக்குப் பழக்கினார்கள்?

பழக்கிய காலம் ஒன்று இருந்தது. அதை மூடி மறைத்துவிட்டு உனக்கு வீரம் சொல்ல நான் வரவில்லை. 2008 மார்ச் 10. 14 வருடங்களுக்குப் பிறகு மட்டக்களப்பில் உள்ளூராட்சித் தேர்தல். ஒரு மாநகர சபை, எட்டுப் பிரதேச சபைகள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஐக்கிய தேசியக் கட்சியும் ஒதுங்கி நின்றன. ஆயுதத்தைக் கீழே வைக்காமலே தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி வாக்குக் கேட்டது. எட்டுப் பிரதேச சபைகளும் அதன் கைக்குப் போயின. இரண்டு மாதம் கழித்து, மே 10இல், கிழக்கு மாகாண சபைத் தேர்தல். மிரட்டல், ஆள்மாறாட்டம், பெட்டிக்குள் கள்ளச் சீட்டு நிரப்பல் என்று கண்காணிப்பாளர்கள் அடுக்கடுக்காக முறையிட்டார்கள். முடிவு மாறவில்லை. 37 ஆசனங்களில் ஆளும் கூட்டணிக்கு 20.

அந்த நாளில் வாய் மூடி இருந்தவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பிள்ளையைப் பறிகொடுக்காத ஒழுங்கை எது? ஆனால் வாசலில் நின்ற துப்பாக்கி போய்விட்டது. அது நின்ற இடத்தைப் பார்த்து நாம்தான் இன்னும் குனிந்து நடக்கிறோம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இது தமிழனின் தலைவிதி என்றும் சுருண்டுவிடாதே. 1999 ஜனவரி 25இல் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் சிங்கள வாக்காளரின் உரிமையையும் இப்படித்தான் பட்டப்பகலில் பறித்தார்கள். 'வயம்ப' என்ற அந்த மாகாணத்தின் சிங்களப் பெயரே கள்ளத் தேர்தலுக்கு அடைமொழியாகிப்போனது. கூச்சல் ஓயவில்லை. 2004இல், வாக்களிக்க அடையாள அட்டை கட்டாயம் என்று சட்டம் வந்தது. இன்று நீ வாக்குச்சாவடியில் நீட்டும் அந்த அட்டைக்குப் பின்னால், வாயைத் திறந்த ஆயிரமாயிரம் பேர் நிற்கிறார்கள்.

இப்போது துப்பாக்கிக்குப் பதிலாக அரிசிப் பொதி வருகிறது. தேர்தலுக்கு முந்தின இரவு, விளக்கை அணைத்த வாகனத்தில், சாராயப் போத்தலும் சேர்ந்து வரும். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பார். பொதியின் பெறுமதி ஐயாயிரம் ரூபாய் என்று வை. சபையின் ஆயுள் நாலு வருடம், அதாவது 1,460 நாள். ஒரு நாளைக்கு உன் விலை மூன்று ரூபாய் நாற்பத்திரண்டு சதம்! அதைக் கொண்டுபோய்க் கடையில் ஒரு பிளேன்டீ கேட்டுப் பார், தருகிறானா என்று. உன்னை அந்த விலைக்கு மதித்தவனுக்கா தங்கச்சி, நீ கதிரை துடைத்துப் போடுகிறாய்?

நானும் யோக்கியன் இல்லை. வீட்டு வரைபட அனுமதிக்காக அலைந்து களைத்து, ஒரு மேசைக்குக் கீழால் 'சந்தோசம்' கொடுத்தவன்தான். எந்தக் கந்தோர் என்பதை விடு. கொடுத்துவிட்டு வெளியே வந்து சைக்கிளில் ஏறினபோது கால் நடுங்கியது. பயத்தால் அல்ல, என்மேல் எனக்கு வந்த அருவருப்பால். அந்த நடுக்கத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்லுகிறேன்.

கள்ள வாக்கே தேவைப்படாத களவும் உண்டு. 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை, காசில்லை என்று நிறுத்தினார்கள். நீ தெரிந்தெடுத்தவர் ஒருவரும் இல்லாமல் சபைகள் இரண்டு வருடத்துக்கு மேல் நடந்தன. சிலர் நீதிமன்றம் ஏறினார்கள். 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. வழக்குப் போட்டவர்களும் "நமக்கேன் வம்பு" என்று இருந்திருந்தால்?

'வண்ணக்கர்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார். இன்று நமக்கு அவர் கோயில் நிருவாகி. பழைய தமிழில் வண்ணக்கன் என்றால் காசை உரசி, நல்லதா கள்ளதா என்று சொல்பவன். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டியிருக்கிறது. தமிழ் பேசும் ஊர்கள் எத்தனையோ மறந்துவிட்ட சொல்லை நம் வாவிக்கரை இன்னும் வாயில் வைத்திருக்கிறது. சொல்லை வைத்திருக்கும் நமக்கு அந்தத் தொழில் தெரியாதா?

தெரியும். கருவியும் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உன் ஒழுங்கைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, கேள்விப்பத்திரம் யாருக்குப் போனது, கொங்கிரீட் எத்தனை அங்குலம் என்று தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று உன்னைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. எழுதத் தெரியாத உன் அம்மம்மா வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு.

ஒரு கடிதம் என்ன கிழிக்கும் என்கிறாயா? வெள்ளக் காலத்தில் முகத்துவாரம் வெட்டுவதைப் பார்த்தவன்தானே நீ! வாவி நிரம்பி வயலும் வளவும் மூழ்கும்போது, மணல்திட்டில் முதலில் வெட்டுவது ஒரு சின்னக் கான். பிறகு மண்வெட்டிக்கு வேலை இல்லை. தண்ணீரே இரண்டு கரையையும் அரித்துக்கொண்டு கடலுக்குப் பாயும். எதிரே நிற்க யாரால் முடியும்?

சபைக் கந்தோர் காலை எட்டரைக்குத் திறக்கும். கடிதத்தை இரண்டு பிரதியாக எழுது. ஒன்றில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வா. தனியே போகக் கூச்சமாக இருந்தால் அந்தச் சால்வைக்காரப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போ.