ஈடாவதும் ஈடாகாததும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வரும்போது அப்பொருள் அதுவாகவே நீடிக்கிறதா என்னும் கேள்வி, தத்துவ நூல்களில் பெரும்பாலும் கப்பலையோ தேரையோ சான்றாகக் கொண்டே எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலில் உளுத்துப்போன பலகைகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்திக் காத்துவந்ததைப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். அகற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து அதே ஒழுங்கில் இன்னொரு கப்பலைக் கட்டிவிட்டால் இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டு, தாமஸ் ஹாப்ஸ் 1655இல் வெளியான தம் நூலில் அச்சிக்கலை இரட்டிப்பாக்கினார். பாலி மொழியில் அமைந்த மிலிந்தபஞ்ஹ என்னும் நூலிலோ, நாகசேனர் என்ற பௌத்தத் துறவி, யவன மன்னன் மிலிந்தன் ஏறிவந்த தேரையே சுட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, இவை எல்லாம் சேர்ந்தது தேரா, இவற்றுக்கு அப்பால் ஒன்று தேரா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்ற விடையையே அவனிடமிருந்து பெறுகிறார். பழங்கார் ஒன்றில் எரிபொருள் பம்ப் பழுதாகும்போது எழும் கேள்வி இவற்றின் வழித்தோன்றல் போலத் தெரிந்தாலும், உண்மையில் அது வேறு குலத்தைச் சேர்ந்தது. அதற்கு நெருங்கிய உறவான சிந்தனை, வேள்விக்கு விதித்த நெல் கிடைக்காமற்போனால் என்ன செய்வது என்று ஆராய்ந்த மீமாம்சகரிடம் காணப்படுகிறது.

முதலில் பம்பின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் தயாரான எம்ஜி டிசி என்னும் இருவர் காரை எடுத்துக்கொள்ளலாம். (1930க்குப் பின் செய்யப்பட்ட எதையும் 'விண்டேஜ்' என்று ஏற்காத கண்டிப்பான பிரிட்டிஷ் ஆர்வலர்கள் இதை அவ்வகையில் சேர்க்கமாட்டார்கள், அந்தச் சாதிப்பிரிவினை இங்கே தேவையில்லை.) இக்காரில் பெட்ரோல் தொட்டி பின்புறமும் கார்புரேட்டர்கள் முன்புறமும் இருப்பதால், இடையிலே ஒரு பம்ப் பெட்ரோலை இழுத்துத் தள்ளவேண்டியிருக்கிறது. எஞ்சின் அறையின் தடுப்புத் தகட்டில் பொருத்தப்பட்ட அந்த எஸ்யு நிறுவன மின்பம்பினுள் ஒரு மின்காந்தச் சுருளும், அதன் முன் நகரும் இரும்பு வட்டொன்றும், அவ்வட்டோடு இணைந்த டயாஃப்ரம் என்னும் நெகிழ்தகடும், அதற்கு எதிராக நிற்கும் சுருள்வில்லும் உள்ளன. மின்சாரம் பாயும்போது காந்தம் இரும்பை இழுக்க, நெகிழ்தகடு பின்வாங்கிப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. இழுப்பு முடியும் நொடியில் ஒரு சிறு நெம்பு அமைப்பு சட்டென்று மறுபுறம் சாய்ந்து 'பாயிண்ட்' எனப்படும் தொடுமுனைகளைப் பிரித்து மின்சாரத்தை நிறுத்துகிறது. பிறகு வில் மட்டுமே தகட்டைத் தள்ளிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. தள்ளி முடிந்ததும் முனைகள் மீண்டும் கூடுகின்றன. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைந்துவிட்டால் பெட்ரோலுக்குப் போக்கிடம் இல்லாமல் தகடு அப்படியே நிற்கும். 'டிக் டிக்' ஓசையும் நிற்கும். தொட்டி வறண்டால் அவ்வோசை படபடவென்று விரையும். கேட்கத் தெரிந்தவருக்கு இந்த ஓசையே ஒரு நோய்க்குறிப்பேடு.

இத்தகைய பம்ப் பழுதாகும் வழிகள் சிலவே. ஒவ்வொரு முறை முனைகள் பிரியும்போதும் எழும் நுண்பொறி அவற்றைக் கருக்கிப் பள்ளமாக்கும். நெகிழ்தகடு ஆண்டுக்கணக்கில் விறைத்துப்போகும் அல்லது கசியும். பெட்ரோலோடு எத்தனால் கலக்கப்படும் நாடுகளில் (பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை) பழைய ரப்பர்ப் பாகங்கள் மேலும் விரைவாகக் கெடுகின்றன. பம்பின் தலையில் சிறு சுத்தியலாலோ செருப்பாலோ ஒரு தட்டுத் தட்டினால் ஒட்டிக்கொண்ட முனைகள் விடுபட்டுப் பம்ப் மறுபடியும் இயங்குவதுண்டு என்பது உலகறிந்த மருத்துவம். அது தீர்வல்ல, தவணை மட்டுமே. தீர்வென்று கருதத்தக்கவை மூன்று. ஒன்று, முனைகளையும் நெகிழ்தகட்டையும் மட்டும் மாற்றிப் பழைய உடலை வைத்துக்கொள்வது. இதில் இரும்பு வட்டைச் சுற்றிப் பதினொரு சிறு பித்தளை உருளைகளை அடுக்கவேண்டும். பிறகு தகட்டைத் திருகி, நெம்பு சாய மறுக்கும் இடம் கண்டு, அங்கிருந்து ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பி விடவேண்டும். பொறுமையில்லாதவர் கைவைக்கத் தகாத வேலை இது. இரண்டாவது, வெளித்தோற்றத்தில் அச்சாகப் பழையதைப் போன்றே இருந்து, உள்ளே தொடுமுனைகளுக்குப் பதில் மின்னணுச் சுற்று அமைந்த புதிய பம்பைப் பொருத்துவது. மூன்றாவது, எவ்வகையிலும் பழையதை ஒத்திராத இக்காலப் பம்ப் ஒன்றைத் தொட்டிக்கு அருகே கண்ணில் படாமல் பூட்டிவிட்டு, பழையதை அலங்காரமாக விட்டுவைப்பது.

மூன்றனுள் எது தகும் என்ற கேள்விக்குத் தீசியஸின் கப்பல் விடை சொல்லாது. எந்தப் பம்பைப் பொருத்தினாலும் கார் அதே கார்தான் என்று எவரும் ஒப்புக்கொள்வர். நாகசேனரோ, தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயரே தவிர அவற்றுள்ளோ அவற்றுக்கு அப்பாலோ கிடைக்கும் பொருளன்று என்று முடித்துவிடுவதால், எந்த உறுப்பை எதனால் மாற்றலாம் என்பது அவருக்குச் சிக்கலே அன்று. மறுகோடியில் நிற்கும் நியாய வைசேடிகர், உறுப்புகளை 'அவயவம்' என்றும், அவற்றில் தங்கியிருந்தும் அவற்றினும் வேறான முழுப்பொருளை 'அவயவி' என்றும் கூறுவர். அவர்களுள் வைசேடிகர், துணியிலிருந்து ஒரு நூலிழை நீங்கினாலும் பழைய துணி அழிந்து வேறொரு துணி தோன்றுகிறது என்று துணிந்து சொல்வதால், பம்பைக் கழற்றிய அக்கணமே பழைய கார் ஒழிந்தது என்றாகிவிடும். தர்க்கத்தில் இரு தரப்பும் வலிமையுடையனவே. ஆனால் கையில் திருப்புளியோடு நிற்பவருக்கு இரண்டும் சமமாகப் பயனற்றவை.

ஜைமினியின் மீமாம்சா சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதமும் அதற்குச் சபரர் எழுதிய உரையும் 'பிரதிநிதி' என்பதை, அதாவது விதிக்கப்பட்ட பொருள் கிடைக்காதபோது அதற்கு ஈடாக வைக்கப்படும் பொருளை, ஆராய்கின்றன. அமாவாசை, பௌர்ணமி வேள்விகளில் அவிக்குரிய மாவை நெல்லாலும் செய்யலாம், வாற்கோதுமையாலும் செய்யலாம். இரண்டும் வேதம் இசைந்தவை. நெல்லால் தொடங்கிய பிறகு நெல் அழிந்துபோனால் என்ன செய்வது? விதியிலேயே பெயர் சொல்லப்பட்ட வாற்கோதுமைக்குத் தாவிவிடலாம் என்பதே எளிதில் தோன்றும் விடை. மீமாம்சகர் அதை மறுத்து, அவ்விதியில் பெயர் சொல்லப்படாத நீவாரம் என்னும் காட்டுநெல்லைக் கொள்ளவேண்டும் என்கின்றனர். நெல்லில் உள்ள கூறுகளில் பெரும்பாலானவை நீவாரத்திலும் இருப்பதால், அதைக் கொள்பவர் விதிக்கப்பட்ட பொருளில் இயன்ற அளவையேனும் விடாமல் பற்றுகிறார் என்பது காரணம். ஒப்புமை இங்கே தோற்றத்துக்காகக் கோரப்படவில்லை. கைவிடவேண்டியது எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையவேண்டும் என்பதற்காகக் கோரப்படுகிறது.

இந்நெறியைப் பம்புக்குப் பொருத்தினால் வரிசை தெளிவாகிறது. தொடுமுனை மட்டும் கெட்டிருக்க முழுப் பம்பையும் மாற்றுவது, கெடாதவற்றையும் கைவிடுவதாகும். உடலே வெடித்துப்போயிருந்தால், அதே வடிவிலும் அதே அழுத்தத்திலும் இயங்கும் புதிய எஸ்யு பம்ப் நீவாரத்தின் இடத்தைப் பெறுகிறது. சந்தையில் கிடைக்கும் வேறொரு நல்ல பம்ப், தன்னளவில் எவ்வளவு சிறந்ததாயினும், வாற்கோதுமையின் இடத்திலேயே நிற்கிறது. இது வெறும் மரபுப்பற்றன்று. பழைய பம்ப் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு அளவே. எரிபொருளைப் பீய்ச்சும் இக்கால எஞ்சின்களுக்கான பம்ப் அதைப்போல் பல மடங்கு அழுத்தத்தோடு தள்ளி, மிதவைக் கிண்ணத்தின் ஊசியை மீறிப் பெட்ரோலை வழியச் செய்துவிடும். தோற்றத்தில் ஒத்த மின்னணுப் பம்பும் முற்றும் குற்றமற்றதன்று: தொடுமுனைப் பம்ப் மின்னோட்டத்தின் திசையைப் பொருட்படுத்தாது, மின்னணுப் பம்போ, இக்காரைப் போல நேர்மின் முனையை உடலோடு இணைத்த பழங்கார்களுக்கென்று தனியாகப் பார்த்து வாங்கப்படாவிட்டால், பொருத்திய உடனே கெட்டுப்போகக்கூடும். முகம் ஒத்தும் குணம் ஒவ்வாத பிரதிநிதி என்று இதைச் சொல்லலாம்.

ஆயினும் மீமாம்சகர் பொருளுக்கு அடிமைகள் அல்லர். விலங்கைக் கட்டும் யூபத்தம்பம் கதிரம் என்னும் கருங்காலி மரத்தால் ஆகவேண்டும் என்பது விதி. கிடைத்த கருங்காலி விலங்கைத் தாங்காத அளவுக்கு மெலிந்திருந்து, அதை ஒத்த கதரம் உறுதியாகக் கிடைத்தால் எதைக் கொள்வது? கதரத்தையே என்கிறது நூல். பொருளுக்கும் பயனுக்கும் முரண் நேரும்போது பயனே மேலோங்கும், ஏனெனில் பொருள்கள் பயனுக்குத் துணையாக வந்தவை. அசல் டயாஃப்ரம் அசல் என்பதற்காகவே, எத்தனாலில் ஊறிக் கசிந்து சூடான எஞ்சின் மீது பெட்ரோலைச் சொட்டும் நிலையிலும் அதைக் காப்பவர், மெலிந்த கருங்காலியில் விலங்கைக் கட்டுபவரே ஆவார்.

இங்கேதான் உண்மையான இடர்ப்பாடு தலைகாட்டுகிறது: பழங்காரின் பயன் எது? வேள்வியில் பயனை வேதம் சொல்லிவிடுகிறது. காருக்கு அப்படியொரு வேதம் இல்லை. மீமாம்சை, வேள்வி நிறைவுற வேண்டியதைக் 'கிரத்வர்த்தம்' என்றும், செய்பவர் நலம் நாடியதைப் 'புருஷார்த்தம்' என்றும் பிரிக்கிறது. பழங்காரிலோ கிரத்வர்த்தமே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. தன் காலத்துத் தொழில்நுட்பத்துக்குச் சான்றாக இன்று நிற்கும் பொருளும் அதுவே. ஓட்டமே பயன் எனில் மூன்றாவது வழியும் ஏற்கத்தக்கதே. சான்றே பயன் எனில் செத்த பம்பையும் தொடாமல் அருங்காட்சியகத்தில் வைப்பதே நேர்மை. இரண்டும் வேண்டும் என்பவர்களே பெரும்பாலோர். அவர்கள் இதோடு புருஷார்த்தத்தையும், அதாவது வழியில் நின்றுவிடாமல் வீடு சேரவேண்டும் என்ற தம் வசதியையும் கலந்துவிட்டு, காரின் நன்மைக்காகவே மாற்றினோம் என்று பேசுவது வழக்கம். மாற்றுவதில் தவறில்லை, யாருக்காக மாற்றினோம் என்பதைக் குழப்புவதே தவறு.

பிரதிநிதிக்கு எல்லையும் உண்டு. அவிப்பொருளுக்கு ஈடு உண்டு. தேவதைக்கும், வேள்வித்தீக்கும், மந்திரத்துக்கும், செயலுக்கும் ஈடு இல்லை. காரில் இவ்வாறு ஈடற்றது எது என்ற கேள்வியை ஒரு நீதிமன்றமே எதிர்கொண்டது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளின் லே மான் 24 மணிநேரப் பந்தயங்களில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் கார், பிறகு பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றப்பட்டு, 8 லிட்டர் எஞ்சினும் ஏற்று, 1932இல் புரூக்லண்ட்ஸ் களத்தில் கிளைவ் டன்ஃபி உயிரிழந்த விபத்துக்குள்ளாகி, அதன்பின் மூடிய உடலோடு மறுபடியும் கட்டப்பட்டது. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க இசைந்த நிறுவனம், இது அந்தக் கார் அன்று என்று பின்வாங்கியதால் எழுந்த வழக்கில், 1990இல் லண்டனில் நீதிபதி ஆட்டன், 1929ஆம் ஆண்டுப் பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்பதை ஏற்றும், மாற்றங்கள் சிறுகச் சிறுக முழுமையோடு கலந்துவிட்டன, வரலாறு எங்கும் அறுபடவில்லை, அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு கார் இல்லை என்ற காரணங்களால் அது உண்மையான 'ஓல்டு நம்பர் ஒன்' தான் என்று தீர்ப்பளித்தார். கடைசிக் காரணம் ஹாப்ஸின் இரண்டாவது கப்பலுக்கான மறுமொழி. புரி கோயிலில் நவகளேபரம் என்னும் சடங்கின்போது (அண்மையில் 2015இல்) மரத்திருமேனிகள் முழுவதும் புதியனவாகி, பிரம்ம பதார்த்தம் எனப்படும் ஒன்று மட்டும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றப்படுகிறது; பென்ட்லியில் அத்தகைய பொருள் எதையும் நீதிபதி தேடவில்லை. தொடர்ச்சி என்னும் செயலையே ஈடற்றதாகக் கொண்டார்.

பழங்கார் மன்றங்களின் உலகக் கூட்டமைப்பான எஃப்ஐவிஏ ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், மாற்றங்கள் இயன்றவரை மீட்டெடுக்கத்தக்கனவாக இருக்கவேண்டும், கழற்றிய முக்கியமான அசல் பாகங்கள் வண்டியோடேயே காக்கப்படவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அசல் பொருள் மீண்டும் கிடைத்துவிட்டால் பிரதிநிதியை விடுத்து அசலையே கொள்ளவேண்டும், ஏனெனில் பிரதிநிதி வந்தது அதன் இன்மையால் மட்டுமே, என்று ஜைமினி வகுத்ததற்கும் இதற்கும் இடையே எந்தத் தொடர்பும் இருந்திருக்க முடியாது. எனினும் இரண்டும் ஒரே நியாயத்தைப் பேசுகின்றன. கழற்றிய பம்பைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கும், துணியில் சுற்றிக் கருவிப்பெட்டியில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்நியாயத்தின் வேறுபாடே.

வேள்வி செய்யும் தலைவனுக்கும், அதாவது எசமானனுக்கும், ஈடு இல்லை என்பது பொதுவிதி. பலர் கூடித் தாமே எசமானர்களாகவும் புரோகிதர்களாகவும் இருந்து நெடுநாள் நடத்தும் 'சத்திரம்' என்னும் வேள்வி மட்டும் விலக்கு. அங்கே இடையில் ஒருவர் இறந்தால் எண்ணிக்கை குறையாதிருக்க மற்றொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறு வந்தவர் எசமானனுக்குரிய நோன்புகள் அனைத்தையும் நோற்கவேண்டும், ஆயினும் வேள்வியின் பலன் அவருக்கு உரியதன்று. 1947ஆம் ஆண்டுக் கார் ஒன்றை இன்று வைத்திருப்பவரின் நிலை, சட்டம் அவரை உரிமையாளர் என்று அழைத்தாலும், எசமானனைவிட இவ்வாறு இடையில் வந்தவருக்கே நெருக்கமானது. அவருக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர் செய்த பழுதுபார்ப்பை இவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இவர் செய்வதை அடுத்தவர் ஏற்கவேண்டியிருக்கும். பம்பின் உள்ளே இருப்பது தொடுமுனையா மின்னணுச் சுற்றா என்பதைக் காரின் பதிவேட்டில் எழுதிவைக்கும் கடமை அந்த நோன்புகளுள் ஒன்றாகிறது. ஏனெனில் மூடியைக் கழற்றாமல் அதை எவராலும் கண்டறிய முடியாது.