கதவிடுக்கில் ஒரு கண்

ஒலுவில் துறைமுகத்திலிருந்து வடக்கே நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று நீளும் கரையோரத்தில், வீட்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்துவிட்ட நான்கு வயதுப் பிள்ளை செய்வதைப் பட்டியலிட்டால் முடியாது. கதிரையில் ஏறி நின்று அதை மிம்பராக்கி, சுவரோரம் அடுக்கிய தலையணைகளுக்குக் குத்பா ஓதும். காதுகளைப் பொத்திக்கொண்டு மோதினாரின் குரலில் பாங்கு சொல்லும். உம்மாவின் ஹபாயாவைத் தரையில் இழுபட உடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் கோபித்துக்கொள்ளும். டின்பாலில் விரல் விட்டு நக்கிவிட்டு, திருடியது யார் என்று பொம்மையை அதட்டி விசாரிக்கும். கட்டில் தோணியாகும், நுளம்பு வலை கரைவலையாகும், சம்மாட்டியின் தொனியில் கூலியாட்களை ஏசும். டென்மார்க்கின் கடனுதவியால் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் மூடியதும், வடபுறத்தில் கடல் கரையைத் தின்றதும், வலை இழுக்க நிலம் குறைந்துபோனதும் இந்த ஊர்களின் நாள்பட்ட துயரம். பெரியவர்கள் திண்ணையில் பேசுவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கட்டில்மேல் வைத்து யோசித்துப் பார்க்கிறது. பார்க்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது, வருவது இயல்பே. நான் கேட்பது வேறு. அந்தப் பிள்ளை தனியே இருப்பதாக நம்பிச் செய்த ஒன்றைக் கதவிடுக்கு வழியே பார்த்து, படம் பிடித்து, ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை உண்டா? மார்க்கத்தை வைத்து யோசித்தால், இல்லை என்றே நான் கருதுகிறேன்.

முதலில், அந்தத் தனிமை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகள் தமக்குத் தாமே பேசிக்கொள்வதை ஆராய்ந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி, 1934இல் வெளியான 'சிந்தனையும் மொழியும்' நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். தனக்குள் பேசியபடி விளையாடும் பிள்ளையை, காது கேளாத பிள்ளைகளோடும் வேற்று மொழி பேசும் பிள்ளைகளோடும் உட்கார வைத்தார்கள். தன்பேச்சு அடங்கிப்போனது, பலரிடம் அறவே நின்றுவிட்டது. தன்னை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர் அருகில் இருக்கிறார் என்ற நம்பிக்கை போனதும், தனக்குத்தானே பேசும் பேச்சும் போய்விட்டது. இங்கிலாந்தின் குழந்தை வைத்தியர் டொனால்ட் வின்னிகொட் 1958இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் வேறொரு வழியால் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. தனித்திருக்கும் ஆற்றலைப் பிள்ளை தாயின் அருகிலேயே கற்கிறது. அவள் இருக்கிறாள், ஆனால் குறுக்கிடுவதில்லை. எங்கள் கரையோரத்து வீடுகள் இதற்கென்றே அமைந்தவை போலத் தோன்றும். அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறபடி, இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். ஆகவே ஒரே வளவில் உம்மம்மா, அடுத்த வாசலில் பெரியம்மா, வேலிக்கு அப்பால் சாச்சி. முழுத் தனிமை என்பது இங்கே எந்தப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை. குசினியில் ஆள் இருக்கிறது என்ற ஆழ்ந்த நிம்மதியோடுதான் அது ஆளில்லாத உலகத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இந்த நிம்மதி பெரியவர்கள்மேல் அது வைத்திருக்கும் நம்பிக்கை. போனைத் தூக்கிக்கொண்டு கதவோரம் ஒளிகிறபோது நாம் கைவைப்பது அந்த நம்பிக்கையில்தான்.

பிள்ளைக்கு என்ன தெரியும், யார் பார்த்தால் அதற்கென்ன என்பார்கள். இது உண்மையில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா போட்டோவும் ஃபிலிப் ரோஷாவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதாகும்போதே பிள்ளைகள் பிறர் பார்வைக்கு ஏற்பத் தம் நடத்தையை மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு விளையாட்டுப் பொருளைத் தொடுவதற்கும், அவர் முகத்தைத் திருப்பியிருக்கும்போது தொடுவதற்கும் வேறுபாடு இருந்தது. ஆய்வே வேண்டாம் என்பவர்கள் எந்த வீட்டிலும் பார்க்கலாம்: கண்டுகொள்ளப்பட்டது தெரிந்த மறுகணம் குத்பா நின்றுவிடும், முகம் சிவக்கும், பிள்ளை தலையணைக்குள் முகம் புதைக்கும். அல்லது இன்னொன்று நடக்கும். எனக்கு அதுதான் பெரிய பயம். அடுத்த நாளும் பிள்ளை கதிரையில் ஏறும். ஆனால் இம்முறை போன் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறும். பாங்கு சொல்லிமுடித்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்கும். தன் சமுதாயத்தைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் மிகவும் அஞ்சியவற்றில் ஒன்று முகஸ்துதி. அதைச் சிறிய இணைவைப்பு என்று எச்சரித்தார்கள். பெரியவர்களுக்கு முகஸ்துதி இல்லாமல் ஒரு ரக்அத் தொழுவதே பெரும்பாடு. ஒருவரும் பார்க்கவில்லை என்று நம்பித் தலையணைகளுக்கு இமாமாக நிற்கும் பிள்ளையிடம் அந்த நோய் மருந்துக்கும் இல்லை. அது வணக்கமல்ல, விளையாட்டுத்தான். விளையாட்டை இபாதத்தாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனாலும் வணக்கத்துக்குத் தேவையான ஒன்று, பார்வையாளரை எதிர்பாராத மனம், அங்கே முளைத்திருக்கிறது. அதில் முதல் விரிசலை உண்டாக்குவது நம் கையில் இருக்கும் போன்.

மார்க்கம் பார்வையைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்பதை சூறா நூர் கடமையாக்குகிறது. நபியவர்களின் வீட்டுக் கதவின் துவாரம் வழியே ஒருவர் எட்டிப் பார்த்த செய்தி புகாரியில் இருக்கிறது. அனுமதி கேட்கும் சட்டமே பார்வைக்காகத்தான் வந்தது என்று நபியவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். துருவித் துருவி உளவு பார்ப்பதை சூறா ஹுஜுராத் தடுக்கிறது. சூறா நூரின் 58ஆம் வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பருவமடையாத பிள்ளைகளும் சுபஹுக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களில் பெற்றோரின் அறைக்குள் அனுமதி கேட்டே வர வேண்டும். இந்த வசனத்தைப் பெரியவர்களின் மறைப்பைக் காக்கும் சட்டமாக மட்டுமே நாம் ஓதி வருகிறோம். பிள்ளையிடம் மரியாதையை எதிர்பார்க்கும் சட்டம், மரியாதை என்றால் என்னவென்று பிள்ளைக்குப் பழக்கிக் காட்டும் பொறுப்பையும் பெரியவர் தலையில் வைக்கிறது என்றே எனக்குப் படுகிறது. தன் கதவில் ஒருவரும் தட்டியதைக் காணாத பிள்ளை, பிறர் கதவில் ஏன் தட்ட வேண்டும்?

இங்கே மூன்று நல்ல ஆட்சேபங்கள் எழும். ஒன்று: பிள்ளைகளுக்குப் பாவமே எழுதப்படுவதில்லையே, மறைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? பருவமடையும்வரை பிள்ளையிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாம் எல்லோரும் அறிந்த நபிமொழி. ஆனால் அதே நபிமொழிதான் என் பக்கத்துக்கு மிகப் பெரிய சாட்சி. டின்பால் திருட்டைப் பிள்ளையின் ஏட்டில் அல்லாஹ் குற்றமாக எழுதவில்லை. நாம் எழுதுகிறோம், அதுவும் அழியாத ஏட்டில். பதினைந்து வயதில் வகுப்புத் தோழர்கள் அந்தக் காட்சியைத் தேடியெடுத்துச் சிரிக்கும்போது, நான்கு வயதில் உயர்த்தப்பட்ட எழுதுகோலை நாம் கீழே இறக்கி வைத்ததன் கணக்கு அந்தப் பிள்ளைமேல் விழுகிறது.

இரண்டாவது, அல்லாஹ் எப்போதும் பார்க்கிறான் என்று தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், பார்க்கப்படுவது பழகட்டுமே என்பது. பார்க்கப்படும் எண்ணம் கையைக் கட்டும் என்பதில் ஐயமில்லை. 2011இல் பியாட்ஸா, பெரிங், இங்கிராம் ஆகிய மூவரும் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தனியறையில் ஒரு விளையாட்டுக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத 'அலிஸ் இளவரசி' பக்கத்துக் கதிரையில் இருக்கிறாள் என்று சொல்லப்பட்டதை நம்பிய பிள்ளைகள் குறைவாகவே ஏமாற்றினார்கள். உண்மையான ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்த அளவுக்கு அது வேலை செய்தது. ஆனால் அந்தச் சோதனை அளந்தது ஏமாற்றாமையை மட்டும். இஹ்ஸானை விளக்கும் ஜிப்ரீலின் நபிமொழியில் வரிசையைக் கவனியுங்கள்: அல்லாஹ்வை நீ காண்பது போல வணங்குவது முதலில், அவன் உன்னைக் காண்கிறான் என்பது அதன் பின்னர். காவலாளியின் கண்ணோடு அவனுடைய பார்வையை ஒப்பிட்டுவிட்டால் அந்த முதல் படி பிள்ளைக்குக் கிட்டவே கிட்டாது. மேலும், அவன் பார்க்கிறான், பரப்புவதில்லை. அடியாரின் குறையை மறைக்கிறான். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் தான் மறைப்பதாக வாக்களிக்கிறான். அவன் பார்வையை உவமை காட்டி நம் படப்பிடிப்பை நியாயப்படுத்த முடியாது. குசினியிலிருந்து குறுக்கிடாமல் காத்திருக்கும் உம்மம்மாவின் பார்வைக்குத்தான் அதன் சாயல் கொஞ்சமாவது உண்டு.

மூன்றாவதுதான் நெஞ்சைத் தொடுவது. கட்டாரிலோ சவூதியிலோ ஒரு அறையில் பலரோடு படுத்திருக்கும் வாப்பாவுக்கு, மகன் கட்டிலில் கரைவலை இழுக்கும் காட்சியைவிட மருந்து வேறென்ன? அதை அனுப்பக் கூடாதா? அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். வறுமை துரத்தாவிட்டால் அந்த மனிதர் குசினி வாசலில் நின்றிருப்பார். அவர் வீட்டுக்காரர், தூரம் அவரை வெளியாளாக்கிவிடாது. வெளிநாட்டில் வேலைசெய்யும் உம்மாவுக்கும் இதுவே. என் கோடு வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் விழுகிறது. வாப்பாவுக்குப் போன வீடியோ குடும்பக் குழுவுக்குப் போய், அங்கிருந்து ஊர்க் குழுவுக்குப் போய், முகமறியாத ஒருவர் அதற்குப் பாட்டுச் சேர்த்து டிக்டொக்கில் ஏற்றும்போது, அது பாசத்தின் கடிதமாக இல்லாமல் வேடிக்கைச் சரக்காகிவிடுகிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் பிரிவு பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. மார்க்கமும் சட்டமும் ஒரே கோட்டில் நிற்கும் இடம் இது.

இவ்வளவுக்கும் பிறகு, ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளை முன்வைப்பவர்கள் இருப்பார்கள். அவர் விளையாடியதை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக உலகமே படிக்கிறதே என்பார்கள். அந்தச் செய்திகளை நிதானமாக வாசிக்க வேண்டும். அவரோடு விளையாடிய சிறுமிகள் நபியவர்களைக் கண்டதும் நாணி ஒளிந்துகொள்வார்கள். நபியவர்களோ அவர்களை மீண்டும் ஆயிஷாவிடமே விளையாட அனுப்பிவைப்பார்கள். பார்த்து ரசிக்க ஒளிந்து நின்றதாக எங்கும் இல்லை. தம் வருகையால் கலைந்த விளையாட்டைத் தாமே சேர்த்துக்கொடுத்தார்கள். இன்னொரு நாள் காற்றில் திரை விலகி, துணியில் சிறகு தைத்த குதிரைப் பொம்மை தெரிந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைக் கேட்டதில்லையா என்று பதில் வந்தது. கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு அது, முகத்துக்கு நேரே, அவருக்கும் பங்குள்ள சிரிப்பு. இதை நமக்குச் சொன்னவரும் ஆயிஷா அவர்களே. வளர்ந்து, அறிஞர்களுக்கு ஆசிரியையாகி, தன் வாயால், தான் தேர்ந்த சொற்களில் சொன்னார். தன் சிறுவயது விளையாட்டை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவு அவரிடமே இருந்தது. இந்த ஒரு வேறுபாடுதான் நம் வீடியோக்களில் இல்லை.

கிணறும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் பிள்ளையைக் கண்ணெடுக்காமல் பார்க்கத்தான் வேண்டும். துறைமுகத்துக் கற்களில் ஏறும் பிள்ளையைத் தனியே விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காப்பதற்காகப் பார்ப்பது கடமை; அந்தப் பார்வை வீட்டோடு முடியட்டும். ஏற்கனவே வெளியே போய்விட்ட காட்சிகளுக்கு ஒரு வழி உண்டு. ஏழு வயதாகித் தொழக் கற்றுக்கொடுக்கும் நேரத்தில், பழைய வீடியோவைப் பிள்ளையிடமே காட்டி, இது இருக்கட்டுமா என்று கேட்கலாம். சிரித்துக்கொண்டே 'வேணாம் உம்மா' என்று சொன்னாலும், அதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும்.