சௌகரியமும் சுதந்திரமும்

விண்டோஸா லினக்ஸா என்கிற சர்ச்சையை நம்மில் பலர் ஒரு ரசனைத் தகராறாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். கதையோ கட்டுரையோ அடித்து மின்னஞ்சலில் அனுப்புகிறவனுக்கு, ரயில் டிக்கெட் பதிவு செய்து மின் கட்டணம் கட்டுகிறவனுக்கு, அடியில் ஓடுகிற இயங்குதளம் எதுவாயிருந்தால் என்ன என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்வி. கேட்கிறவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை என்பதுதான் குறை. எது வேகமானது, எதில் வைரஸ் தொல்லை குறைவு, எதில் பிரிண்டர் உடனே வேலை செய்யும் என்பதெல்லாம் அவ்வப்போது மாறிக்கொண்டிருக்கிற தகவல்கள். அவற்றை அந்தத் துறைக்காரர்களிடம் விட்டுவிடலாம். என் அக்கறை வேறு. தான் தினமும் சார்ந்திருக்கும் ஒரு கருவியைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவு தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவன்? ஒன்றும் தெரிய வேண்டாம், சௌகரியம் போதும் என்று அவன் சொன்னால், அந்தச் சௌகரியத்துக்கு ஈடாக அவனிடமிருந்து எதையெல்லாம் வாங்கிக்கொள்ளலாம்?

இந்த விவகாரத்துக்கு இரண்டு ஆதிச் சம்பவங்கள் உண்டு. 1976 பிப்ரவரியில், அப்போது இருபது வயதான பில் கேட்ஸ், பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்கிற சிறு கம்ப்யூட்டருக்காக அவரும் கூட்டாளிகளும் எழுதிய பேஸிக் நிரலைப் பலர் காசு கொடுக்காமல் நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் திருட்டு என்றார் கேட்ஸ். ஒரு பைசா வராத காரியத்துக்குத் தேர்ந்த உழைப்பை யார் கொடுப்பார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். மற்றது ஒரு பிரிண்டர் சம்பந்தப்பட்டது. எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவுக் கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த ஸெராக்ஸ் லேஸர் பிரிண்டரில் காகிதம் சிக்கும்போதெல்லாம் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அதன் நிரலை மாற்ற நினைத்தார். மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரர், யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லிக் கையை விரித்தார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஹெல்ஸிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னல் பிற்பாடு அதோடு சேர்ந்துகொண்டது.

கேட்ஸை வில்லனாகவும் ஸ்டால்மனை ரிஷியாகவும் வைத்து இதைக் கதையாக்குவது சுலபம். அப்படிச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. உழைத்தவனுக்குக் கூலி என்பது கேட்ஸின் பக்கம் இருக்கிற நியாயம். சிறுபத்திரிகையில் எழுதிச் சன்மானம் கண்டறியாத நாம் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஸ்டால்மனிடம் இருப்பது வேறு தினுசான நியாயம்: நான் காசு கொடுத்து வாங்கி என் அறையில் வைத்திருக்கும் ஒன்று, என் அறையிலும் இன்னொருவனுக்கே கட்டுப்பட்டிருப்பது சரியா என்பது. விரும்பிய காரியத்துக்கு நிரலை ஓட்டலாம்; படித்து மாற்றலாம்; பிறருக்கு நகல் தரலாம்; மாற்றிய நகலையும் தரலாம். சுதந்திர மென்பொருளின் இந்த நான்கு உரிமைகளில் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. லினக்ஸ் ஓசியில் கிடைக்கிறது என்பதற்காக அதைச் சிபாரிசு செய்கிறவர்கள் விஷயத்தின் ஓரத்தைக்கூடத் தொடுவதில்லை.

இங்கேதான் சாதாரண உபயோகஸ்தன் குறுக்கிடுகிறான். அவனுக்கு நிரல் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவனுக்குப் படிக்கும் உரிமை எதற்கு?

லினக்ஸ்காரர்களில் ஒரு பகுதியினர் இதற்குத் தருகிற பதில், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்பது. சிரமப்படாதவன் சுதந்திரத்துக்குத் தகுதியில்லாதவன் என்கிற தொனி அதில் இருக்கும். கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்து ஒரு காரியத்தைச் சாதித்தவன், அதே காரியத்தை மௌஸைத் தட்டி முடித்தவனைப் பார்க்கிற பார்வை எனக்கு மிகவும் பரிச்சயமான பார்வை. சில நூறு பிரதிகள் அச்சிட்டுவிட்டு, லட்சக்கணக்கில் விற்கிற வாரப் பத்திரிகையின் வாசகனை மந்தை என்று சொல்கிற நம் பார்வைதான் அது. சொல்ல வந்த விஷயம் சிக்கலானதாக இருப்பதால் நடையில் சிரமம் நேரலாம். அதை வாசகன் பொறுத்துக்கொள்ளவும் செய்வான். சிரமத்தையே ஒரு மதிப்பாக்கி, சிரமப்பட்டவர்களெல்லாம் சேர்ந்து ஒரு ஜாதியாகிவிடும்போது விஷயம் பின்னால் போய்விடுகிறது. என் தாயாருக்கு வீடியோ அழைப்பில் பேரக் குழந்தையைப் பார்க்க வேண்டும். கெர்னல் என்றால் என்ன என்று அவர் தெரிந்துகொள்ளாதது எந்தவிதமான ஒழுக்கக் குறைவும் அல்ல. மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்று தெரியாமல்தான் நாம் எல்லோரும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஸார்த்ரைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆனால் படிக்கத் தெரியாதவனுக்கு அந்த உரிமையால் பிரயோஜனமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வங்கிக் கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. பாஸ்புக்கில் பதிந்து வாங்கிப்போகிற பென்ஷன்காரருக்கு இரட்டைப் பதிவுக் கணக்கு முறை தெரியாது. பேரேட்டை அவர் முன் திறந்து வைத்தாலும் விளங்காது. இருந்தும் அவர் பணம் பத்திரமாக இருக்கிறது என்றால், எங்கள் நல்லெண்ணம் அதற்குக் காரணமில்லை. வங்கியின் ஊழியராக இல்லாத ஒரு ஆடிட்டர் வந்து அதே பேரேட்டைப் புரட்டுகிறார். அவருக்கு மேல் ரிசர்வ் வங்கி இருக்கிறது. பார்க்கும் உரிமையை அந்தப் பென்ஷன்காரர் பிரயோகிப்பதேயில்லை, அவருக்காக வேறொருவர் பிரயோகிக்கிறார். அந்த வேறொருவர் கணக்கு வைத்திருப்பவனுக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. விண்டோஸின் மூலநிரலைச் சில அரசாங்கங்களும் பெரிய ஸ்தாபனங்களும் ஒப்பந்தத்தின் பேரில் பார்க்கலாம், மைக்ரோஸாஃப்ட் அதற்கு ஏற்பாடு வைத்திருக்கிறது. யார் பார்க்கலாம், எந்த நிபந்தனையில் பார்க்கலாம் என்று முடிவு செய்வது கணக்கு வைத்திருப்பவன்தான். லினக்ஸில் யார் அனுமதியும் கேட்காமல் யாரும் பார்க்கலாம்.

பார்க்கலாம் என்பது வேறு, பார்க்கிறார்கள் என்பது வேறு. 2024 மார்ச்சில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எக்ஸ்ஸெட் என்று ஒரு சிறு நிரல். கோப்புகளைச் சுருக்கி வைப்பது அதன் வேலை. பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் அது கூடவே வரும். பல வருஷங்களாக அதைப் பராமரித்துவந்தவர் அநேகமாக ஒற்றை ஆள், கூலி கிடையாது, சோர்ந்துபோயிருந்தார். உதவிக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு புனைபெயரில் ஒருவர் நுழைந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு, கடைசியில் எங்கோ தூரத்தில் உட்கார்ந்துகொண்டே பிறர் கம்ப்யூட்டருக்குள் புக ஒரு ரகசியக் கதவை அதில் பொருத்தினார். அது பரவலாகச் சேர்வதற்கு முன் கண்டுபிடித்தவர் ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட். வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். அவர் சம்பளம் வாங்குவது மைக்ரோஸாஃப்டில்.

இதை இரு கட்சியாரும் தத்தம் வெற்றியாகச் சொல்லிக்கொண்டார்கள். திறந்திருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்றார்கள் ஒரு சாரார். திறந்திருந்ததால்தான் நுழைய முடிந்தது என்றார்கள் மற்றவர்கள். என்னை உறுத்துவது அந்தச் சோர்ந்துபோன பராமரிப்பாளரின் நிலை. 1976-ல் கேட்ஸ் கேட்ட கேள்வி நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, அவர் எதிர்பார்த்திருக்க முடியாத இடத்தில், அவருடைய கம்பெனி ஊழியர் ஒருவர் மூலமாகவே திரும்பி வந்திருக்கிறது. எனக்காகப் பேரேடு பார்க்கிறவனுக்கு நான் என்ன தருகிறேன்? வங்கியில் ஆடிட்டருக்கு ஃபீஸ் உண்டு. லினக்ஸை ஓசியில் போட்டுக்கொண்டு சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஃபீஸைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

இனி எழுதுகிறவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன். யூனிகோடுக்கு முந்தைய நாட்களில் தமிழ் எழுத்துருக்கள் செய்யப்பட்ட விதம் பலருக்கு ஞாபகமிருக்கும். ஆங்கில எழுத்துக்கான இடங்களில் ஒவ்வொரு கம்பெனியும் தன்னிஷ்டப்படித் தமிழ் எழுத்துக்களைப் பொருத்தி வைத்திருந்தது. பாமினியில் அடித்ததை ஸ்ரீலிபியில் திறந்தால் குப்பை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று தரங்கள் அறிவித்தது. 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அடிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் எத்தனையோ பேரின் பழைய டிஸ்குகளில் கிடக்கின்றன. எழுதியவனே தன் எழுத்தைப் படிக்க ஒரு கம்பெனியின் தயவு வேண்டியிருந்தது. அந்த நாளில் யாரும் இதைச் சிறை என்று உணரவில்லை. எழுத்துரு அழகாக இருக்கிறதா, விசைப்பலகை கைக்குப் பழகியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: யூனிகோட் தமிழைச் சாதாரண மேஜைகளுக்குக் கொண்டுவந்ததில் லதா எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000-க்குப் பெரிய பங்கு உண்டு. கேனோம், கேடிஇ போன்ற லினக்ஸ் முகப்புகளைக் கூலி வாங்காமல் தமிழாக்கியவர்களும் இருந்தார்கள். நானறிந்த எழுத்தாளர்களில் ஒருவர்கூட அந்தத் தமிழ் மெனுவை உபயோகிப்பதில்லை. தமிழ்ப் பற்றைக் கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆக ஒரு கருவியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அதற்குள் நுழைவது எவ்வளவு சுலபம் என்பதைவிட, என் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்பதாக இருக்கலாம். தனக்காகத் தேர்கிறவன் எல்லோருக்காகவும் தேர்கிறான் என்ற பொருளில் ஸார்த்ர் சொன்னது எனக்கு வெகு நாள் மிகையாகப் பட்டிருக்கிறது. கோப்பு வடிவங்களைப் பொறுத்தவரை அது அப்பட்டமான உண்மை. ஒரு கம்பெனியின் செயலியில் மட்டும் ஒழுங்காகத் திறக்கும் கோப்பை நான் அனுப்பும்போது, பெறுகிறவனுக்கும் சேர்த்து அந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறேன்.

தனியாக வெளியேறுகிறவனுக்கு என்ன நேரும் என்பதற்கு ம்யூனிக் நகரசபையே சாட்சி. 2003-ல் தன் கம்ப்யூட்டர்களை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்ற அது தீர்மானித்தது. மைக்ரோஸாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் விடுமுறையை நிறுத்திவிட்டு மேயரை நேரில் பார்க்க வந்தார்; பலிக்கவில்லை. பத்து வருஷத்தில் ஏறக்குறைய 15 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் மாறின. 2017-ல் அதே நகரசபை, விண்டோஸுக்கே திரும்புவதென்று வாக்களித்தது. அரசியல் காரணங்கள் இருந்தன, மேயரும் மாறியிருந்தார். ஆனால் ஊழியர்களின் புகார்களில் ஒன்று மிகச் சாதாரணமானது: வெளியிலிருந்து வருகிற கோப்புகள் சரியாகத் திறப்பதில்லை. நகரம் மாறியது, நகரத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் மாறவில்லை. பழக்கம் என்பதை நாம் தனிமனிதனின் சோம்பலாக நினைக்கிறோம். மொழியைப் போல அது பலர் சேர்ந்து வைத்திருக்கிற சொத்து. ஒருவன் மட்டும் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போனால் பேச ஆள் இருக்காது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் சுமார் 30 ஆயிரம் கம்ப்யூட்டர்களை லினக்ஸை நோக்கி நகர்த்தப்போவதாக அறிவித்திருக்கிறது. இம்முறை முதலில் அலுவலகச் செயலியையும் கோப்பு வடிவத்தையும் மாற்றிவிட்டு இயங்குதளத்துக்குப் பிறகு வருகிறார்கள். ம்யூனிக்கிலிருந்து பாடம் கற்றவர்களாகத் தெரிகிறது.

லினக்ஸ் என்கிற பெயரிலேயே விமோசனம் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். அவற்றில் கம்பெனி திணித்த செயலிகள் சிலவற்றைக்கூட உரிமையாளர் நீக்க முடிவதில்லை. 'லினக்ஸ் சாதாரண மக்களை எட்டவில்லை' என்று அங்கலாய்க்கிறவர்கள், எட்டியபோது அது எந்த வேஷத்தில் எட்டியது என்று பார்ப்பது நல்லது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. தற்காலிக நீட்டிப்பு ஒன்று உண்டு. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் ஓரளவு புதிய ப்ராஸஸரும் வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் பொதுவாக அதற்குத் தேறாது. கௌண்டருக்கு வருகிற ஒரு ரிடயர்டு ஆசிரியர் இதை என்னிடம் கேட்டார். ஓடுகிறது, சூடாவதில்லை, தேய்ந்த எழுத்து ஒன்றிரண்டைத் தவிர கீபோர்டும் சரியாக இருக்கிறது, இதை எதற்காகத் தூக்கிப் போட வேண்டும் என்று. அவர் கேட்டது பொருளாதாரக் கேள்வி மட்டுமில்லை. தன் பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கிறவன் யார் என்று கேட்கிறார். லினக்ஸ் மின்ட் போட்டால் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் பல வருஷம் ஓடும் என்று சொன்னேன். போட்டுக் கொடுக்க முடியுமா என்றார்.

போட்டுக் கொடுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஆறு மாதம் கழித்து பிரிண்டர் வேலை செய்யவில்லை, மகன் அனுப்பிய கோப்பு திறக்கவில்லை என்று அவரிடமிருந்து போன் வரும். அவருக்கு வேறு யாரும் இல்லை, நான்தான் எடுக்க வேண்டியிருக்கும். இந்தப் போனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு லினக்ஸைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரை எதையும் நான் இதுவரை படிக்கவில்லை.