யார் காட்டு எண்?

உளுந்து விதைப் பையில் முளைப்புத்திறன் என்று ஓர் எண் இருக்கும். சான்று விதை என்றால் அது 75 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. ஈரமும் வெப்பமும் சீராக வைத்த ஆய்வகத்தில் எண்ணியது. புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதியில் விதைக்கும் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரி அதைப் பொய் என்பதில்லை. "அது சரிதான், நம்ம காட்டுல எப்படி?" என்பார்.

ப்ராசஸர் வாங்கும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

2001இல் ஏஎம்டி விற்ற அத்லான் எக்ஸ்பி 1800+ ஓடியது 1533 மெகாஹெர்ட்ஸில். 1800 என்பது தன்னுடைய பழைய அத்லானோடு ஒப்பிட்ட கணக்கு என்றது நிறுவனம். வாங்கியவர்கள் அதைப் பென்டியம் 4இன் வேகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2018 ஜூனில் தைபேயில் இன்டெல் 28 கோர் ப்ராசஸரை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டியது. மேசைக்குக் கீழே தொழிற்சாலைகளில் வைக்கும் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்ததை மேடையில் சொல்லவில்லை. 2024இல் ஸ்பெக் அமைப்பு இன்டெல் ப்ராசஸர்களின் 2,600க்கும் மேற்பட்ட சோதனை முடிவுகளில் குறை குறித்தது. சோதனை நிரலை முன்பே அறிந்து, அதற்கென்றே கம்பைலரைத் தீட்டியிருந்தார்கள். வினாத்தாள் கைக்கு வந்த பையன் நூத்துக்கு நூறு வாங்குன மாதிரி.

இதில் பொய் எங்கே? எண்கள் அளந்து வந்தவைதானே? என் பதில் இது: அளந்த சூழலைச் சொல்லாமல் விட்டால், கேட்பவர் தன் சூழலை அங்கே பொருத்திக்கொள்வார். விற்பனை நடப்பதே அந்தப் பொருத்தலால்தான். ஏமாந்தவர் தானாக ஏமாந்ததுபோலத் தெரியும். விற்றவர் கை சுத்தமாக இருக்கும்.

கல்லூரிப் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க நகையை அடகு வைக்கும் வீடுகள் இங்கே உண்டு. சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், சூடேறிய ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் அளந்த எண்ணுக்கு அந்த வீடு வட்டி கட்டுகிறது.

"எல்லாரும் பொய்தான் சொல்றான்" என்று கையை உதறுவது சுலபம். ஆனால் அப்படிச் சொல்கிறவரும் கடைசியில் கடைக்காரர் வாய்வார்த்தைக்கோ விளம்பரத்துக்கோதான் பணம் கொடுப்பார். எதைக் காட்டினால் நம்புவேன் என்று சொல்லத் தெரியாத சந்தேகத்தால் பயனில்லை. ஸ்பெக்கிடம் எழுதி வைத்த விதி இருந்தது; அதனால் பிடிக்க முடிந்தது. நாமும் கேட்கலாம்: அறை வெப்பம் எவ்வளவு? எத்தனை வாட் மின்சாரம்? எதிராளி ப்ராசஸருக்கும் இதே மெமரிதானா? எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள்?

எங்கள் ஊர்த் தீப்பெட்டியில் குச்சிகளின் எண்ணிக்கை அச்சிட்டிருந்தால், சந்தேகப்பட்டவர் கொட்டி எண்ணிவிடலாம். ப்ராசஸரை அப்படிக் கொட்டி எண்ண முடியாது. வாங்குபவரால் எவ்வளவு குறைவாகச் சரிபார்க்க முடியுமோ, விற்பவர் அவ்வளவு அதிகமாகச் சொல்லக் கடமைப்பட்டவர்.