இழையின் பருமனும் காணிக்கையின் மதிப்பும்

தலைமுடியை முழுதும் மழித்துத் தெய்வத்துக்கு உரித்தாக்கும் நேர்த்திக்கடன் முடி காணிக்கை எனப்படும். கனகசெட்டிக்குளம் போன்ற புதுச்சேரிக் கடலோர ஊர்களிலும் தமிழகம் முழுவதிலும் குழந்தையின் முதல் முடியைத் தாய்மாமன் மடியில் வைத்து இறக்குவதும், பெரியவர்கள் பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டிக்கொண்டு மொட்டையடிப்பதும் வழிவழி வந்த வழக்கங்களாகும். கொடுக்கப்படும் பொருளின் தரம் கொடுப்பவரின் பக்திக்கு அளவாகுமா என்னும் பழைய வினாவை இக்காணிக்கை கூர்மையாக எழுப்புகிறது. ஏனெனில், முடியின் தரம் தலைக்குத் தலை வேறுபடுவது.

அவ்வேறுபாட்டின் முதற்கூறு இழையின் பருமன். மனிதத் தலைமுடியின் விட்டம் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். முடி முளைக்கும் தோற்குழியாகிய மயிர்க்காலின் அளவே அதை நிர்ணயிக்கிறது, அந்த அளவோ பெரும்பாலும் பரம்பரையால் அமைகிறது. மெல்லிய இழை எண்ணெய்ப் பிசுக்கில் விரைவில் படிந்து, எளிதில் அறுந்து, எண்ணிக்கையில் குறையாதபோதும் குறைவாகத் தோன்றும். பருத்த இழை பின்னலுக்கு நிறைவு தந்தாலும் எளிதில் வளைந்து கொடுக்காது, உலரவும் நேரமாகும்.

மொட்டையடித்தால் முடி தடித்து வளரும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால், மழித்தலில் நீங்குவது தோலுக்கு வெளியேயுள்ள உயிரற்ற பகுதியே. மயிர்க்காலுக்கு மாற்றம் நேர்வதில்லை. இயல்பான நுனி கூம்பி மெலிந்திருக்க, வெட்டுண்ட முனை மழுங்கியிருப்பதால் புதிய முடி கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவே. எனவே, அடர்ந்த கூந்தலைக் கைம்மாறாக எதிர்பார்த்துச் செய்யும் காணிக்கை அந்தக் கைம்மாற்றைப் பெறுவதில்லை. உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய தனு, கரண, புவன, போகங்கள் இறைவன் உயிருக்குத் தந்தவை என்பது சைவ சித்தாந்தம்; அந்நோக்கில் முடியும் ஏற்கெனவே இறைவனுடையதாதலால், மனிதன் உண்மையில் விட்டுக்கொடுக்கக்கூடியது ‘எனது’ என்னும் பற்று ஒன்றே.

கொடுத்த பின் முடிக்கு நேர்வதோ வேறு: திருப்பதித் திருமலையில் சேரும் முடியைக் கோயில் நிர்வாகமான தேவஸ்தானம் தரம்பிரித்து ஏலத்தில் விற்க, அது பொய்முடிச் சந்தைக்குச் செல்கிறது. திருமணமான யூதப் பெண்கள் சிலர் தலையை மறைக்க அணியும் பொய்முடியில் இம்முடி கலந்திருப்பது குறித்து 2004-இல் எருசலேமின் யூத மதகுருவான ரப்பி யோசெப் ஷாலோம் எலியாஷிவ், அது வேற்றுத் தெய்வத்துக்குப் படைக்கப்பட்டதாதலால் அணியத் தகாது எனத் தீர்ப்பளித்தார். அதையடுத்து நியூயார்க்கின் புரூக்ளினில் பொய்முடிகள் தெருவிலேயே எரிக்கப்பட்டன. அந்த விவாதமும் முடியை மழிக்கும் செயலே வழிபாடா என்பதைச் சுற்றியே நடந்ததேயன்றி, இழை மெல்லியதா பருத்ததா என்பதை அது பொருட்படுத்தவில்லை.

தம் முடிவுகளில் முரண்படும் சைவம், யூதம் ஆகிய இரு சமயங்களும் செயலையும் அதன் நோக்கத்தையுமே அளவுகோலாகக் கொள்வதில் ஒத்துநிற்கின்றன. ஆகவே, குழந்தையின் ஒரு பிடி மென்முடியும் முதிர்ந்த பெண்ணின் நெடுங்கூந்தலும் காணிக்கை என்னும் நிலையில் சமமானவை. தரம்பிரித்தல் ஏலத்துக்குரியது, வழிபாட்டுக்குரியதன்று.