முன்னே நிற்பவரும் பின்னே நிற்பவரும்



ஆசிரியப் பயிற்சி முடித்த பிள்ளை இல்லாத தெரு இந்நாளில் நம் பக்கத்தில் அருமை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும், தகப்பனார் தோல் ஷாப்பில் நனைந்தும், தாயார் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன் குனிந்தும் சம்பாதித்த காசில் பி.எட். முடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கண் அந்நிய நாட்டின்மேல் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மாலத்தீவின் சின்னஞ்சிறு தீவுப் பள்ளிகளில் நம் நாட்டு ஆசிரியர்கள் நெடுநாளாகப் பாடம் நடத்தி வருகிறார்கள். இங்கிலாந்தும் 2023 பிப்ரவரி முதல், கணிதம், விஞ்ஞானம், மொழிப்பாடம் கற்பிக்கும் இந்திய ஆசிரியர்கள் அங்கே தகுதிச் சான்றுக்கு நேரே விண்ணப்பிக்க வழி திறந்தது. இங்கே ஒரு தனியார் பள்ளி கொடுக்கும் சம்பளத்தை அங்குள்ள சம்பளத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போகாதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆகையால், போகலாமா கூடாதா என்பது இந்த வாரக் கேள்வியன்று. விண்ணப்பம் போட்டு, நேர்முகமும் முடிந்து, “உங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது” என்று பதில் வந்த பிறகு ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே கேள்வி. இல்லை என்று வந்தால் ஒரு நாள் அழுது எழுந்துவிடலாம். உண்டு என்று வந்தால் பெட்டி கட்டலாம். இரண்டுமில்லாத இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மகள் கணிதத்தில் மேற்படிப்பு முடித்து, ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். பட்டியலில் அவளுக்கு நாலாவது இடம். செய்தி வந்த நாள் முதல் அந்த வீட்டில் ஒரு காரியமும் முழுதாக நடப்பதில்லை. வரன் கேட்டு வந்தவர்களிடம், “கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை வெளியே போகப் போகிறாள்” என்கிறாள் தாய். ஒழுகுகிற கூரையை இப்போது மாற்றுவானேன், பணம் வந்தால் மாடியே எடுத்துவிடலாம் என்கிறார் தகப்பனார். அடுத்த வருஷம் வகுப்பாசிரியையாக இருப்பாயா என்று தலைமையாசிரியை கேட்டால், அவள் மழுப்புகிறாள். ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கினால் நாலு பேர் வந்து, “விசா வந்துவிட்டதா?” என்று கேட்கிறார்கள். (கேட்கிறவர்கள் அன்பினால்தான் கேட்கிறோம். ஆனாலும் வாரா வாரம் கேட்க வேண்டுமா?) இரவில் கைபேசி தலைமாட்டிலேயே கிடக்கிறது.

அவளுக்கு முதலில் எழுகிற எண்ணம், “என்னிடம் என்ன குறை கண்டார்கள்?” என்பது.

இதற்குப் பதிலைப் பழைய செய்திகளிலேயே பார்க்கலாம். 1941-ல் இத்தாலியர் பிடி நீங்கித் தலைநகர் திரும்பிய எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹைலே செலாசி, தம் நாட்டில் பள்ளிக்கூடங்களை மறுபடி எழுப்ப முற்பட்டார். கற்பிக்க ஆள் போதவில்லை. இந்தியாவிலிருந்து, விசேஷமாகக் கேரளத்திலிருந்து, பின்வந்த வருஷங்களில் ஆசிரியர்கள் பெருவாரியாக அங்கே போனார்கள். 1974-ல் புரட்சி வந்து சக்கரவர்த்தி பதவி இழந்தார். அந்த வாசல் வரவரக் குறுகியது. நைஜீரியா எண்ணெய்ப் பணத்தில் திளைத்த காலத்தில், 1976-ல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்று திட்டம் போட்டது. நம்மவர் அங்கேயும் போனார்கள். 1980-களில் எண்ணெய் விலை விழுந்ததும் அந்தச் செழிப்பும் போயிற்று. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கே நல்ல உத்தியோகத்தில் இருந்த நம் நாட்டவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறி வந்தார்கள். 1974-ல் எத்தியோப்பியா போகக் காத்திருந்த ஒருவர், தமக்குப் பாடம் நடத்தத் தெரியாததால்தான் அழைப்பு வரவில்லை என்று நொந்துகொண்டிருந்தால், அது நியாயமா?

வெளிநாட்டுக் கதை எதற்கு? தமிழ்நாட்டிலேயே, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி இடைநிலை ஆசிரியர்களை நியமித்து வந்த காலத்தில், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து, தலை நரைத்த பின் முதல் உத்தரவு வாங்கியவர்கள் உண்டு. பிறகு 2012-ல் தகுதித் தேர்வு வந்தது. 2013-ல் அதில் தேறிய பலர் சான்றிதழோடு காத்திருக்க, 2018-ல் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று அரசாணை பிறந்தது. அவர்கள் படித்த படிப்பு மாறவில்லை, சட்டம் மாறிற்று.

யூதாஸின் இடத்துக்கு ஆள் தேட வேண்டியிருந்தபோது அப்போஸ்தலர்கள் இருவரை முன்நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். பர்சபாஸ் என்னும் சூசை ஒருவர், மத்தியாஸ் ஒருவர். இருவரும் ஆரம்ப முதல் கூடவே இருந்தவர்கள். சீட்டு மத்தியாஸ் பேருக்கு விழுந்தது. சூசையிடம் குறை கண்டதாக அங்கே ஒரு சொல்கூட இல்லை.

ஆனால் இரண்டாவதாக ஓர் எண்ணம் எழும். அது இதைவிடக் கூர்மையானது. வாய்விட்டுச் சொல்ல முடியாதது. நாலாவதாக நிற்பவளுக்கு அழைப்பு வர வேண்டுமானால், தேர்வானவர்களிலோ அவளுக்கு முன் காத்திருப்பவர்களிலோ நாலு பேர் விலகியாக வேண்டும். ஒருத்திக்கு மருத்துவப் பரிசோதனையில் கோளாறு தெரிய வேண்டும். ஒருவனுடைய தாயார் படுக்கையில் விழ வேண்டும். ஒருவருக்குப் பயணச் செலவுக்குக் கடன் கிடைக்காமல் போக வேண்டும். அப்படியானால், “எனக்கு இது கிடைக்கட்டும்” என்று சர்வேசுரனிடம் கேட்கும்போதே, “அவனுக்குக் கிடைக்காமல் போகட்டும்” என்றும் அல்லவா கேட்கிறோம்? இது பாவமில்லையா?

இதை வீண் சந்தேகம் என்று தள்ள வேண்டாம். மனச்சாட்சி உள்ளவர்களைத்தான் இது உறுத்தும். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் காய்மகாரத்தைப் பற்றி எழுதுகையில் இதைப் பிரித்துக் காட்டுகிறார். பிறருக்கு ஒரு நன்மை இருக்கிறதே என்று வருந்துவது வேறு. அந்த நன்மை நமக்கு இல்லையே என்று வருந்துவது வேறு. முன்னது காய்மகாரம். பின்னது அப்படியன்று. நல்ல காரியத்தில் அது ஊக்கமாகவும் ஆகலாம். ஆகவே வேலை வேண்டுமென்று ஆசைப்படுவதில் குற்றமில்லை. நம் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எப்படி அறிவது? முன்னே நின்றவர் வேறு நல்ல வேலை கிடைத்து விலகினார் என்று கேள்விப்பட்டால் ஒரு சந்தோஷம் வரும். அவர் நோய்வாய்ப்பட்டு விலகினார் என்று கேள்விப்பட்டாலும் அதே சந்தோஷம் வருமானால், அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

முன்னே நிற்பவரை நேரே பிடித்துத் தள்ளும் வேலையும் ஒன்றுண்டு. “இத்தனை ஆயிரம் கொடுங்கள், பட்டியலில் மேலே ஏற்றிவிடுகிறேன்” என்று ஒரு ஏஜெண்டு வருவார். 1983-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜெண்டுதான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். பட்டியலில் ஏற்றிவிடுவதற்கென்று சட்டத்தில் ஒரு கட்டணம் கிடையாது. தமிழக அரசே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைச் சென்னையில் ஏற்படுத்தியிருக்கிறது. அங்கே விசாரித்தால் காசு பிடுங்க மாட்டார்கள். தாலிக்கொடியை அடகு வைத்து ஏஜெண்டிடம் கொடுத்த பணம் திரும்புவது அபூர்வம். திரும்பினாலும், உண்மையாகவே மேலே ஏற்றிவிட்டாலும், முகம் தெரியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடத்தை அல்லவா காசு கொடுத்து வாங்கினோம்?

எவ்வளவு காலம் காத்திருப்பது? நம் பெரியவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறவேண்டிய நாள் ஊற வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மயிர் கழலாது. ஆனால் அப்படியே மறந்துவிட்டால் தோல் தளர்ந்து கெட்டுப்போகும். காத்திருப்புக்கும் ஒரு நாள் குறித்துக்கொள்வது நலம். அந்தப் பள்ளிக்கூடத்தின் புது வருஷம் என்றைக்குத் தொடங்குகிறது, பட்டியல் என்றுவரை செல்லும் என்று எழுதிக் கேட்கலாம், கேட்பதில் அவமானமில்லை. அந்த நாள் வரைக்கும்கூட கூரை ஒழுகத்தான் வேண்டுமா? ஓடு மாற்றுங்கள். வரனைப் பற்றியும், உள்ளது உள்ளபடி சொல்லிப் பேசுங்கள்.

அந்த வீட்டைவிட நம்மை அதிகமாக வருத்த வேண்டியது அந்தப் பத்தாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் மனம் இங்கில்லை என்பதை இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க மாட்டார். பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கு வராத கடைசி பெஞ்சுப் பையன்தான் முதலில் கைவிடப்படுவான். பட்டியலில் பெயர் இருப்பதைப் பள்ளி நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று நாம் நினைக்கவில்லை. வராத வேலையைச் சொல்லி, உள்ள வேலையையும் இழப்பானேன்? ஆனால் வாங்குகிற சம்பளத்துக்குரிய பாடம் முழுதாக நடக்க வேண்டும். சம்பளம் சொற்பம் என்பது உண்மைதான். அதற்குப் பொறுப்பாளி நிர்வாகம், பிள்ளைகள் அல்ல.

பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அழைப்பு வந்தால்? இதில் நல்லவர்களே இரண்டு பக்கமாகப் பேசுவார்கள். நம் அபிப்பிராயம் இது: தேர்வு முடியும்வரை தவணை கேட்டு எழுத வேண்டும். தவணை கொடுத்தால் இருந்து முடித்துவிட்டுப் போகட்டும். கொடுக்காவிட்டால், ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, எந்தப் பாடம் முடிந்தது, எந்தப் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். குடும்பத்தின் பத்து வருஷக் கடனை அடைக்கும் வாய்ப்பை உதறு என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு திங்கட்கிழமை மறைந்துபோகும் உரிமை அவளுக்குமில்லை.

இதுவரை முன்னே நிற்பவர்களைப் பற்றியே பேசினோம். பின்னே ஐந்தாவதாக ஒருத்தி நிற்கிறாள் என்பதை நினைப்பவர் குறைவு. அவள் திருநெல்வேலியிலோ திருச்சூரிலோ இருக்கலாம். அவள் வீட்டிலும் கூரை ஒழுகலாம். நம் பிள்ளையின் பெயரைப் பார்த்து அவளும் பெருமூச்சு விடலாம். நம் பிள்ளைக்கு இங்கேயே திருப்பத்தூரிலோ காட்பாடியிலோ நல்ல இடம் அமைந்துவிடுகிறது, அல்லது கலியாணம் நிச்சயமாகிறது, போவதில்லை என்று வீட்டில் தீர்மானமும் ஆகிவிடுகிறது. ஆனாலும், “பெயர் இருந்தால் இருக்கட்டுமே, என்ன நஷ்டம்?” என்று பட்டியலில் விட்டுவைப்போம். அழைப்பு வந்து, பதிலுக்கு அவர்கள் காத்து, நினைவூட்டி, பிறகு அடுத்த பெயருக்குப் போவதற்குள் மாதக்கணக்கு ஆகும். பள்ளி திறந்துவிடும். ஐந்தாவதாக நின்றவளின் வாய்ப்பு அதற்குள் போய்விட்டிருக்கும்.

பழைய பட்டியல் எதிலாவது உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர் இன்னும் கிடக்கிறதா என்று இன்றே கேளுங்கள். போவதில்லை என்று முடிவாகியிருந்தால், பெயரும் விண்ணப்ப எண்ணும் குறித்து, “என் பெயரை நீக்கிவிடவும்” என்று இரண்டு வரி எழுதினால் போதும். பங்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் எழுதி அனுப்பிக் கொடுப்பார்கள்.